பச்சை விளக்கு எரிகிறது, கணினி மட்டும் எழவில்லை

ஞாயிறு இரவு வழக்கம்போல் அணைத்துவிட்டுப் படுத்தேன். திங்கள் காலை பொத்தானை அழுத்தினால் என் மேசைக் கணினியில் மூச்சே இல்லை. ஃபேன் சுற்றவில்லை, பீப் ஒலியும் இல்லை. வேறு பிளக் பாயின்ட்டில் செருகிப் பார்த்தேன், மானிட்டரின் பவர் கார்டைக் கழற்றி இதில் மாட்டினேன், பின்பக்கச் சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். எதற்கும் பலனில்லை.

பழுது பார்க்க வந்தவர் கேபினெட்டைத் திறக்காமலே "மதர்போர்டு போய்விட்டது" என்றார். எல்லாப் பாகங்களும் வந்து இணையும் முதன்மைப் பலகை அது. திறந்து பார்க்காமல் ஒருவர் சொல்லும் தீர்ப்பை எப்படி ஏற்பது? பிளக் மின்சாரத்தை மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும் பவர் சப்ளைதான் காரணமாக இருக்கும் என்று நானே முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அப்போதும் அதே அமைதி.

அன்று இரவு கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். மதர்போர்டின் ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பழைய பவர் சப்ளை இருந்தபோதும் அது எரிந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், பவர் சப்ளை ஊதா நிறக் கம்பி வழியாக 5 வோல்ட்டை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நாம் பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு, அதாவது தரையோடு, இணைக்கிறது. அதன் பிறகுதான் மற்ற மின்சாரம் எல்லாம் வரும். விளக்கு எரிகிறதென்றால் அந்த 5 வோல்ட் வந்துசேர்கிறது. அப்படியானால், எழச் சொல்லும் கட்டளை போய்ச் சேருகிறதா?

பொத்தானை மறுபடி மெதுவாக அழுத்தினேன். எப்போதும் விரலில் தட்டுப்படும் 'டிக்' இல்லை. மெத்தென்று உள்ளே போய், சோம்பலாகத் திரும்பி வந்தது.

அந்தப் பொத்தானிலிருந்து வரும் கம்பி மதர்போர்டில் இரண்டே இரண்டு ஊசிகளில் செருகியிருக்கும். அதை உருவிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இரண்டு ஊசிகளையும் ஒரு நொடி சேர்த்துத் தொட்டேன். எல்லா ஃபேன்களும் ஒரே வீச்சில் சுழன்றன! கண் கலங்கிவிட்டது என்றால் மிகையில்லை. ரீசெட் பொத்தானின் கம்பியை எடுத்து அந்த ஊசிகளில் மாட்டிவிட்டேன். இரண்டும் ஒரே வகைச் சுவிட்சுதான், எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

உங்கள் கணினி அசையவே இல்லை. என்னுடையது ஒரு நொடி சுழன்று நின்றுவிடும். புது மதர்போர்டு பொருத்திய நாளிலேயே இந்தத் தொல்லை தொடங்கியது. ராமை (நினைவகப் பட்டையை) கழற்றி மாட்டினேன், பிராசசருக்குத் தனியாக வரும் 12 வோல்ட் இணைப்பைச் சரிபார்த்தேன். கடைசியில் போர்டையே வெளியே எடுத்து ஓர் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ஒரே ஒரு ராமோடு இயக்கினேன். ஓடியது. கேபினெட்டுக்குள் வைத்தால் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, பழைய போர்டைத் தாங்குவதற்காகக் கேபினெட்டில் பொருத்தியிருந்த பித்தளைக் கால் ஒன்று, புது போர்டில் துளையே இல்லாத இடத்தில் அடியிலிருந்து உரசிக்கொண்டிருந்தது. அங்கே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டதும் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ளத்தான் அணைந்திருக்கிறது. அந்தக் காலைத் திருகி எடுத்தேன், அவ்வளவுதான்.

* * *

நண்பரே, பச்சை விளக்கை மட்டும் நம்பிவிட வேண்டாம். 5 வோல்ட் சரியாக இருந்தும் மற்றவை படுத்துவிட்ட பவர் சப்ளை என்னிடம் இருந்தது. 24 ஊசி இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றி, பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தேன், ஃபேன் சுற்றியது. நல்லதுதான் என்று நம்பி இரண்டு நாள் மதர்போர்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். பிறகு பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டி, 12 வோல்ட் வரும் மஞ்சள் கம்பியில் மல்டிமீட்டர் வைத்தேன். 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்க வேண்டியது 10.6 காட்டியது. சுமை ஏறியதும்தான் உண்மை தெரிந்தது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

* * *

மிக்க நன்றி ஐயா. கழற்றி வைத்த பழைய பவர் சப்ளையை நீங்கள் சொன்னபடியே ஹார்ட் டிஸ்க் மாட்டி அளந்தேன்: 12.1. அதையே திரும்பப் பொருத்திவிட்டேன். புதியதைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று நாளை கேட்க வேண்டும்.