பட்டாணி இலையில் வெண்பூச்சு: கந்தகம் தெளிக்கலாமா?

மாடித்தோட்டம்_திருநகர்:
வணக்கம். மதுரை திருநகரில் எங்கள் மொட்டைமாடியில், கார்த்திகை முதல் வாரத்தில் 6 பைகளில் பச்சைப் பட்டாணி விதைத்தேன். மார்கழி முழுவதும் செழிப்பாக இருந்த செடிகளில், தை பிறந்து பத்து நாட்களான இப்போது, கீழ் இலைகளின் மேற்புறத்தில் திருநீறு பூசியதைப் போல வெண்பூச்சு படர்ந்திருக்கிறது. தேய்த்தால் மாவாக விரலில் ஒட்டுகிறது. இரண்டொரு நாளில் அதே இடத்தில் மறுபடியும் படிகிறது. நான்கு பைகளில் காய்கள் முற்றும் நிலையில் உள்ளன. பிந்தி விதைத்த இரண்டு பைகளில் இப்போதுதான் பூவும் பிஞ்சும். நான்கு நாட்களுக்கு முன் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தேன். கந்தகத் தூள் வாங்கி வரவா என்று கணவர் கேட்கிறார். மாலையில் இலைகள் நனையும்படி நீர் ஊற்றியது தவறா? குழந்தைகள் காயைப் பறித்த கையோடு உரித்துத் தின்பார்கள் என்பதால் தயக்கமாக இருக்கிறது.

வாடிப்பட்டி_விவசாயி:
சகோதரி, இது சாம்பல் நோயேதான். பகல் வெயிலும் இரவுப் பனியும் சேரும் தை மாதத்தில், அவரையிலும் பூசணியிலும் இதுபோன்ற பூச்சை நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நன்கு புளித்த மோர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, துணியில் வடிகட்டி, வாரம் ஒருமுறை காலையில் தெளியுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். பூச்சு மிகுந்த கீழ் இலைகளை முதலில் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

ஒத்தக்கடை_வேளாண்_மாணவர்:
அம்மா, பட்டாணியில் இதை உண்டாக்குவது எரிசைஃபி பைசை என்னும் பூஞ்சை. இதன் வித்துகள் முளைக்க இலை நனைந்திருக்க வேண்டியதில்லை, காற்றின் ஈரமே போதும்; ஆகவே இந்த நோய்க்கு நீங்கள் ஊற்றிய நீரைக் குறை சொல்ல முடியாது. இலை நனைவதால் பெருகுவது அடிச்சாம்பல் நோய். அதில் இலையின் மேற்புறம் மஞ்சள் திட்டும், அதற்கு நேர் அடியில் சாம்பல் கலந்த ஊதா நிறப் பூஞ்சையும் தெரியும். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கந்தகத்தை இப்போது தெளிக்கவே வேண்டாம். எண்ணெய் தெளித்த இலையில் இரண்டு வாரங்களுக்குள் கந்தகம் பட்டால் இலை கருகிவிடும். அந்த இடைவெளி முடிந்த பிறகு, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம் என்றாலும், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அதுவும் இலையைச் சுடும். மதுரையில் மாசி வெயிலில் அந்த அளவைத் தாண்டிவிடும். மோரைப் போலப் பாலும் உதவுகிறது: பிரேசிலில் சுக்கினிச் செடிகளில் செய்து 1999இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒரு பங்கு பால் கலந்த நீர் சாம்பல் நோயை நன்கு கட்டுப்படுத்தியது. எதைத் தெளித்தாலும் புதிய இலைகளைக் காக்கலாமே தவிர, வெளுத்த இலை பழைய பச்சைக்குத் திரும்பாது.

என் கருத்தில், காய் முற்றிய நான்கு பைகளுக்கு மருந்து தேவையில்லை. பட்டாணி குளிர்காலப் பயிர். நோய் விட்டாலும் வெயில் விடாது. காய்களைப் பறித்துவிட்டுச் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். வெண்பூச்சின் நடுவே ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தெரிந்தால், அவை பூஞ்சை அடுத்த பருவம் வரை தங்கியிருப்பதற்கான உறைகள். அத்தகைய இலைகளை மட்கு உரத் தொட்டியில் போடாதீர்கள். கழுவி உரித்த மணிகளைக் குழந்தைகள் தாராளமாகச் சாப்பிடலாம். அடுத்த முறை ஐப்பசிக் கடைசியிலேயே விதையுங்கள். இந்த நோயைத் தாங்குவதற்கென்றே பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா அஜித் விதை கிடைத்தால் இன்னும் நல்லது.

மாடித்தோட்டம்_திருநகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்புறத்தில் ஊதா நிறம் இல்லை, ஆனால் மூத்த இலைகள் இரண்டில் கரும்புள்ளிகள் இருந்தன. நான்கு பைகளையும் இன்று காலையில் காலி செய்துவிட்டோம். ஒரு படிக்குச் சற்றுக் குறைவாகக் காய் கிடைத்தது. பிஞ்சு விட்டிருக்கும் இரண்டு பைகளை மட்டும் கிழக்குச் சுவரோரம் காற்றோட்டமாகத் தள்ளி வைத்து, மோரை வடிகட்டித் தெளித்திருக்கிறேன்.