தாளை எப்போது கிழிப்பீர்கள்? 3.4 அப்டேட்டில் தமிழ்த் தேதி மாறும் நேரம் பற்றி

முத்தியால்பேட்டை நிரலன் | வியாழன் இரவு 8:10

நேற்று வெளியிட்ட நம் நாட்காட்டிச் செயலியின் 3.4 அப்டேட்டின் கீழே வண்டிப்பாளையத்தார் ஒரு வரி எழுதியிருக்கிறார். "இரவு பன்னிரண்டு மணிக்குத் தமிழ்த் தேதியை மாற்றுகிறவருக்கு நாட்காட்டி எழுதத் தகுதி இல்லை." அதைப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. அதனால் தனியாக இங்கே எழுதுகிறேன்.

இது ஆறு வருஷமாக, பகல் வேலை முடிந்து வந்து ராத்திரியில் தனி ஆளாக எழுதும் செயலி. கம்ப்யூட்டரில் திறந்தால் மாத நாட்காட்டி, பக்கத்தில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், அவ்வளவுதான். 3.2 வரை ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி இரண்டும் நள்ளிரவில் மாறின. வண்டிப்பாளையத்தார் மூன்று மாதம் விடாமல் கேட்டார் என்பதற்காக 3.3-இல் தமிழ்த் தேதி மட்டும் சூரிய உதயத்தில் மாறும்படி செய்தேன். அதனால் வந்த வினையைத் தேவனாம்பட்டினத்து நண்பர் சொல்லட்டும். 3.4-இல் பழையபடி 12 மணி. இனி மாற்றுவதாக இல்லை.

தேவனாம்பட்டினம் படகு | வியாழன் இரவு 8:31

சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று விசைப்படகுகள். ஏப்ரல் 15 பிறக்கும் நள்ளிரவிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். அதற்குள் எல்லாப் படகும் துறைமுகத்துக்கு வந்துவிட வேண்டும். அப்பா எல்லாவற்றையும் தமிழ்த் தேதியில்தான் எழுதுவார். அதனால் "சித்திரை 2, 12:30 மணி, படகுகளை எண்ணிப் பார்க்க" என்று செயலியில் போட்டு வைத்தேன்.

அந்த ராத்திரி மணி அடிக்கவே இல்லை. மறுநாள் ராத்திரி, அதாவது 16-ஆம் தேதி 12:30-க்கு அடித்தது. ஏனென்றால் 3.3-இன் கணக்குப்படி சித்திரை 2 என்பது 15-ஆம் தேதி விடிந்த பிறகுதான் தொடங்குகிறது. அந்த நாளின் 12:30 அடுத்த ராத்திரிதானே வரும். அப்பா தூங்காமல் உட்கார்ந்திருந்து ஒவ்வொரு படகுக்கும் போன் போட்டதால் தப்பித்தோம். மரபைக் காப்பாற்றுகிற ஐயா அன்றைக்கு எங்கே இருந்தார் என்று தெரியவில்லை.

வண்டிப்பாளையத்தார் | வியாழன் இரவு 8:58

தப்பாக எழுதி வைத்துவிட்டு என் மேல் பழி போடாதீர்கள் தம்பி. அந்த நேரத்தைச் "சித்திரை 1, பின்னிரவு 12:30" என்றுதான் எழுதியிருக்க வேண்டும். உங்கள் அப்பாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

நான் 22 வருஷம் அச்சகத்தில் தினசரிக் காலண்டருக்கு மெய்ப்புப் பார்த்தவன். திதி ராத்திரி இரண்டு மணிக்கு முடிந்தால், அந்தத் தாளிலேயே "பின்னிரவு 2 வரை" என்று போடுவோமே தவிர, அடுத்த தாளில் போடமாட்டோம். உதயம் முதல் உதயம் வரை 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிஷம். இதுதான் நாள். என் பேத்தி வெள்ளிக்கிழமை விடியற்காலை 2 மணிக்குப் பிறந்தாள் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். ஜாதகத்தில் வியாழன் என்றுதான் இருக்கிறது. இரண்டையும் குழப்பியவர் யாரும் எங்கள் வீட்டில் இல்லை.

எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் காலண்டர் தாளை எப்போது கிழிப்பீர்கள்? ராத்திரி 12 மணிக்கு எழுந்து போய்க் கிழிப்பீர்களா?

லாஸ்பேட்டை | வியாழன் இரவு 9:14

முதலில் "நாள்" என்று எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்துவிட்டுப் பேசலாமே. திதி பார்க்கும் நாள் ஒன்று, கிழமை ஒன்று, வேலையை முடிக்க வேண்டிய கெடு ஒன்று. வேலைப் பட்டியலுக்கு வேண்டியது மூன்றாவது. நாட்காட்டிச் செயலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐகேலண்டர் என்ற பொது வடிவம் இருக்கிறது, 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5545 (ஆர்எஃப்சி என்றால் இணைய விதிகளை எழுதி வைக்கும் ஆவணம்). அதில் நேரம் இல்லாமல் வெறும் தேதியை மட்டும் கெடுவாகக் கொடுக்கலாம். அந்தத் தேதி நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. நம் செயலி மற்ற நாட்காட்டிகளோடு பேச வேண்டுமானால் இதை மீற முடியாது.

2015-இல் வந்த ஆர்எஃப்சி 7529-இல் வேறு நாட்காட்டிகளின்படி திரும்பத் திரும்ப வரும் வேலைகளைக் குறிக்க வழி இருக்கிறது. ஆனால் அது நம்பியிருக்கும் பட்டியலில் இந்தியாவுக்கு இருப்பது 1957-இல் அரசு ஏற்றுக்கொண்ட சக ஆண்டு நாட்காட்டி மட்டும். தமிழ் மாதம் அதில் இல்லை. "ஒவ்வொரு தமிழ் மாதமும் 1-ஆம் தேதி" என்று ஒரு வேலையைப் போட்டால், நிரலன் அதை ஒவ்வொன்றாக ஆங்கிலத் தேதியாக மாற்றித்தான் வெளியே அனுப்ப வேண்டும். இந்தக் கஷ்டம் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

வண்டிப்பாளையத்தார் | வியாழன் இரவு 9:20

தாளை எப்போது கிழிப்பீர்கள் என்று கேட்டேன். எண்களாகச் சொல்கிறீர்கள். பொறுமையாகக் கேளும்மா, வெளிநாட்டில் எழுதிய விதியில் சித்திரை இருக்காது, அது எனக்கும் தெரியும்.

லாஸ்பேட்டை | வியாழன் இரவு 9:23

"பொறுமையாகக் கேளும்மா" எல்லாம் வேண்டாம் சார். சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் டிடிபி | வியாழன் இரவு 9:40

தேதி எப்போது மாறினால் என்ன, எனக்குச் செயலியே திறக்கவில்லை. கடையில் இருப்பது விண்டோஸ் 7. 3.3-இல் இருந்து ஓடவில்லை. கல்யாணப் பத்திரிகை வேலை பார்க்கும் ஆட்களுக்கு முகூர்த்த நாள் கூட்டம் எப்படி என்று தெரியும். அந்தச் சமயத்தில் பட்டியல் திறக்காவிட்டால் யார் பத்திரிகையை எப்போது கொடுப்பது? 500 ரூபாய் நன்கொடை கொடுத்தவன் நான். தமிழ்த் தேதிக்கு மூன்று மாதம் செலவு செய்தவருக்கு இதற்கு ஒரு நாள் கிடைக்கவில்லை.

இன்னொன்று. ஆகஸ்ட் 16 ஏன் சிவப்பில் இருக்கிறது? இந்தப் பக்கம் அது வேலை நாள்.

முத்தியால்பேட்டை நிரலன் | வியாழன் இரவு 10:02

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்தது. செயலி எழுத நான் பயன்படுத்தும் கியூட்டி (Qt) என்ற கருவித் தொகுப்பின் 6-ஆம் பதிப்பு குறைந்தது விண்டோஸ் 10 கேட்கிறது. கியூட்டி 5-இலேயே இருந்திருக்கலாம்தான். ஆனால் தமிழ் எழுத்து சில இடங்களில் உடைந்து தெரிந்ததை 6-க்குப் போன பிறகுதான் என்னால் சரிசெய்ய முடிந்தது. எழுத்து உடைகிறது என்று முதலில் சத்தம் போட்டவர் நீங்கள்தான். உங்கள் 500 ரூபாயைத் திருப்பித் தருகிறேன், வங்கி விவரத்தைத் தனியாக அனுப்புங்கள்.

1962 ஆகஸ்ட் 16 புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். 1954 நவம்பர் 1 நிர்வாகம் கைமாறிய நாள். எங்கள் ஊரில் இரண்டும் விடுமுறை. அமைப்புகளில் "தமிழ்நாடு" என்று மாற்றினால் சிவப்பு போய்விடும்.

உதயம் கேட்கும் வண்டிப்பாளையத்தாருக்கு: யாருடைய உதயம்? இந்திய நேரத்தைக் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையில் வைத்திருக்கிறார்கள். புதுச்சேரி 79.8 பாகையில் இருப்பதால் நமக்குச் சூரியன் கிட்டத்தட்ட 11 நிமிஷம் பின்னால் வருகிறது. மேற்கே கேரளக் கரையில் இருக்கும் மாஹேயும் எங்கள் யூனியன் பிரதேசம்தான், அங்கே சூரியன் இன்னும் சுமார் 17 நிமிஷம் பின்னால். புதுச்சேரி ஆபீசில் இருக்கிறவருக்கு ஒரு தேதி, அதே நேரத்தில் மாஹே ஆபீசில் இருக்கிறவருக்கு வேறு தேதி. ஒரே பட்டியலை இருவரும் பார்க்கும்போது எந்த வேலை நேற்றையது, எந்த வேலை இன்றையது? 3.3-இல் இதற்காகவே ஊரைக் கேட்கும் ஒரு பெட்டி வைத்தேன். பாதிப் பேர் அதை நிரப்பவே இல்லை.

நெல்லிக்குப்பம் டிடிபி | வியாழன் இரவு 10:09

பணத்தைத் திருப்பிக் கேட்டேனா? 7-இல் ஓட வேண்டும் என்று கேட்டேன்.

வண்டிப்பாளையத்தார் | வியாழன் இரவு 10:37

17 நிமிஷம் பெரிய விஷயமா? பஞ்சாங்கம் கணிக்கிறவர்கள் ஊருக்கு ஊர் உதயம் பார்த்துத்தானே போட்டார்கள்? கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் செய்ததைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு செய்ய முடியாது என்கிறீர்கள்.

ஊர் விஷயமே சொல்கிறேன். தைப்பூசத்தன்று வடலூரில் காலை 6 மணி, 10 மணி, மதியம் 1 மணி, இரவு 7, 10 மணி என்று ஜோதி தரிசனம். கடைசித் தரிசனம் விடியற்காலை 5:30-க்கு. ஆறும் தைப்பூச ஜோதிதான். கூட்டத்தில் நின்று அந்த 5:30 தரிசனம் பார்த்தவன் நான். உங்கள் 3.4-இல் அந்த நேரத்துக்குத் தைப்பூசம் முடிந்து ஐந்தரை மணி நேரம் ஆகிவிட்டது. இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

தேவனாம்பட்டினம் படகு | வியாழன் இரவு 10:44

பத்திரிகையில் அதை "மறுநாள் காலை 5:30" என்றுதான் போடுகிறார்கள். மறுநாள் என்றால் அடுத்த நாள். நீங்களே சொன்ன உதாரணம்தான்.

வண்டிப்பாளையத்தார் | வியாழன் இரவு 10:51

பத்திரிகைக்காரன் ஆங்கிலத் தேதியில் எழுதுகிறான். கோயில்காரன் எந்தத் தேதியில் நினைக்கிறான் என்று போய்க் கேளுங்கள். கடலூர்க்காரன் எனக்கே வடலூரைப் பற்றிப் பாடம் வேண்டாம்.

தேவனாம்பட்டினம் படகு | வியாழன் இரவு 10:55

நானும் கடலூர்தான் ஐயா. ராத்திரி இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிறவனுக்கு அது இன்றைய வேலை. விடிந்த பிறகு பார்க்கலாம் என்று கடலில் யாரும் வேலை செய்வதில்லை. தடைக்காலமும் விடிகிற வரை காத்திருப்பதில்லை.

லாஸ்பேட்டை | வியாழன் இரவு 11:20

உதயம்தான் எல்லாம் என்றால் இதற்குப் பதில் வேண்டும். தமிழ் மாதம் பிறப்பதற்கு நம் ஊரில் பார்ப்பது உதயத்தை இல்லை, அஸ்தமனத்தை. சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் அன்றைக்கே 1-ஆம் தேதி, பிந்தினால் மறுநாள். கேரளத்தில் அதற்கும் வேறு விதி, அவர்கள் நண்பகல் தாண்டிய ஒரு நேரத்தை எல்லையாக வைக்கிறார்கள். சூரியன் ஒவ்வொரு ராசியைக் கடக்கவும் வேறு வேறு காலம் எடுப்பதாலும் இந்த விதிகளாலும்தான் மாதம் 29 நாளிலிருந்து 32 நாள் வரை நீள்கிறது. மாதத்துக்கு ஒரு எல்லை, நாளுக்கு ஒரு எல்லை என்று மரபே வைத்திருக்கும்போது, வேலைப் பட்டியலுக்கு மூன்றாவதாக ஒரு எல்லை வைத்தால் மட்டும் எப்படி மரபு கெடும்?

வண்டிப்பாளையத்தார் | வியாழன் இரவு 11:41

மாதம் வேறு, நாள் வேறு. அஸ்தமன விதியை எனக்குச் சொல்லித் தருகிறீர்களா? அந்த விதியால் 1-ஆம் தேதி தள்ளிப் போன வருஷங்களில் தாள் முழுவதையும் சரிபார்த்தவன் நான். கேள்வி மாதம் பிறப்பது பற்றி இல்லை. பிறந்த பிறகு ஒவ்வொரு நாளும் எப்போது மாறுகிறது என்பதுதான். 12 மணிக்கு நாள் மாறுவது ஆங்கிலத் தேதிக்கு. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. "சித்திரை" என்று எழுதிவிட்டு அதை 12 மணிக்கு மாற்றாதீர்கள். பெயர் ஒன்று, கணக்கு வேறு என்றால் அது தமிழ்த் தேதி இல்லை, ஆங்கிலத் தேதிக்குத் தமிழ்ப் பெயர். அதைத்தான் நேற்றும் எழுதினேன்.

தாளை எப்போது கிழிப்பீர்கள் என்பதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

முத்தியால்பேட்டை நிரலன் | வியாழன் இரவு 11:58

நேற்று எழுதியது அது இல்லை. "நாட்காட்டி எழுதத் தகுதி இல்லை" என்று எழுதினீர்கள். மூன்று மாதம் உங்கள் பேச்சைக் கேட்டு ராத்திரி ராத்திரியாக உதயக் கணக்கை எழுதினேன். ஒரு படகுக் குடும்பத்துக்கு அதனால் மணி அடிக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது ஒரு வார்த்தை விசாரிக்காதவர், திருப்பி மாற்றியதும் முதல் ஆளாக வந்து தகுதி பேசுகிறார். அதைத் திரும்பப் பெறுங்கள், அப்புறம் உதயம் பேசலாம்.

வண்டிப்பாளையத்தார் | வெள்ளி இரவு 12:14

எழுதியது எழுதியதுதான். "பின்னிரவு" என்று ஒரு சொல்லைப் பட்டியலில் சேர்த்திருந்தால் அந்தத் தம்பிக்கும் சரியாக அடித்திருக்கும். அதைச் செய்யாமல் மொத்தத்தையும் தூக்கிப் போட்டது உங்கள் அவசரம்.

லாஸ்பேட்டை | வெள்ளி இரவு 12:19

"பின்னிரவு" நல்ல யோசனை. நேரம் தேர்வு செய்யும் இடத்தில் ஒரு குறி போட்டால் போதும். நிரலன், பார்க்கிறீர்களா?

சார், உங்கள் பதிவுக்கு மேலே "வெள்ளி" என்று விழுந்திருக்கிறது.

வண்டிப்பாளையத்தார் | வெள்ளி இரவு 12:26

இந்தத் தளத்தை எழுதியவரும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறார். எனக்கு இன்னும் வியாழன்.

முத்தியால்பேட்டை நிரலன் | வெள்ளி இரவு 12:33

குறி எதுவும் போடப்போவதில்லை. தகுதி இல்லாதவன் எழுதியது இப்படியே இருக்கட்டும். 3.3 வேண்டுமென்றால் பழைய கோப்பு பக்கத்திலேயே இருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பம் டிடிபி | வெள்ளி இரவு 12:40

3.2-இன் பழைய கோப்பும் இருக்கிறதா? அது 7-இல் ஓடியது.

வண்டிப்பாளையத்தார் | வெள்ளி காலை 6:02

இப்போதுதான் எழுந்து தாளைக் கிழித்தேன். இப்போது வெள்ளி.

தேவனாம்பட்டினம் படகு | வெள்ளி காலை 6:20

எங்கள் வீட்டில் அம்மா ராத்திரி படுக்கப் போகும்போதே கிழித்துவிடுவார்.

வண்டிப்பாளையத்தார் | வெள்ளி காலை 6:24

அது தப்பு.