கிழக்குத் தாழ்வாரத்தில் விதையிலிருந்து அயல்நாட்டுப் பூச்செடிகள்: எவை தேறும்?

காலைவெயில் கேட்டது:

வணக்கம். எங்களுடையது கிழக்கு நோக்கிய தாழ்வாரம் கொண்ட நான்கறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு. காலை ஏறக்குறைய பதினொரு மணிவரை தாழ்வாரச் சுவரோரம் நேர்வெயில் படும்; அதற்குப் பிறகு வெளிச்சம் மட்டுமே இருக்கும். என் தங்கை இணையத்தில் வாங்கிப் பரிசாகக் கொடுத்த விதைப் பொட்டலங்கள் கைவசம் உள்ளன: அடினியம் (பாலைவன ரோஜா), ஸ்ட்ரெலிட்சியா (சொர்க்கப் பறவைப் பூ), லாவெண்டர், பியோனி, ‘பலவண்ண ஆர்க்கிட்’, ‘வானவில் ரோஜா’. முதலில் அடினியம் விதையில் ஒரு பகுதியை மட்டும் தென்னைநார்த் துகளில் விதைத்து, சாப்பாடு கட்டிக் கொடுக்கும் நெகிழிப் பெட்டியால் மூடி வைத்தேன். ஒரு வாரத்துக்குள் அநேகமாக எல்லாமே முளைத்துவிட்டன. ஆனால் முளைத்தவற்றில் பாதிக்கு மேல், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பழுப்பேறி, வெந்த கீரைத்தண்டுபோல் துவண்டு, ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. சாய்ந்த பிறகும் இலை பச்சையாகவே இருக்கிறது. இதற்கு என்ன காரணம்? மற்ற விதைகளில் எவற்றை நம் சிங்கப்பூரில் நம்பி விதைக்கலாம்?

விதைப்பெட்டி பதில்:

நீங்கள் விவரிப்பது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிர்கள் ஈரம் தேங்கிய மண்ணிலும் அசையாத காற்றிலும் பெருகி, இளந்தண்டின் அடியைத் தாக்குகின்றன. விதையில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் முளைத்தது என்றாலே அது புதிய விதைதான். அடினியம் முளைக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பதால், குளிர்நாடுகளில் நாற்றுத் தட்டுக்கு அடியில் சூடேற்றும் பாய் விரித்து, மின்கட்டணமும் கட்டுகிறார்கள். நமக்கு அந்தச் செலவில்லை. சிங்கப்பூரில் முளைக்க வைப்பது பெரிய காரியமே அல்ல. முளைத்ததை முதல் மாதம் காப்பாற்றுவதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

அடினியத்தின் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் சாஹெல் நிலப்பகுதி, கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியத் தீபகற்பம் ஆகியவை. அந்த நிலங்களில் மழை பெய்தாலும் மண்ணில் ஈரம் தங்குவதில்லை. ஆகவே தென்னைநார்த் துகளைத் தனியாகப் பயன்படுத்தாதீர்கள். அதனுடன் குறைந்தது சரிபாதி பெர்லைட் என்னும் இலேசான வெண்துகளோ பியூமிஸ் என்னும் நுரைக்கல்லோ சேருங்கள். துகளின் மீது கொதிநீர் ஊற்றி, ஆறவிட்டு, பிழிந்து எடுத்தால் கிருமியும் குறையும், அதில் தங்கியிருக்கும் உப்பும் வெளியேறும். விதையைக் கிடைமட்டமாக வைத்து, அது கண்ணுக்கு மறையும் அளவுக்கு மட்டும் மேலே தூவினால் போதும். மூடி முளைவிடும்வரைதான். முளை தலைகாட்டிய அன்றே பெட்டியை எடுத்துவிட்டு, காற்று ஓடும் இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். முளைத்த பிறகும் மூடியை விட்டுவைப்பவர்களின் நாற்றுகள்தான் பெரும்பாலும் இப்படிச் சாய்கின்றன.

தண்ணீரை மேலிருந்து தெளிக்காமல், தொட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள்; மேற்புறம் நனைந்து நிறம் மாறியதும் தட்டில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் உட்புறத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இன்னும் விதைக்காத அடினியம் விதைகளைக் காற்றுப்புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்துடன் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்; நம் புழுக்கத்தில் வெளியே கிடந்தால் அவற்றின் முளைப்புத்திறன் விரைவாகக் குறைந்துவிடும்.

மலர்க்கூடம் பதில்:

மற்ற பொட்டலங்களைப் பற்றி நான் சொல்கிறேன். வானவில் ரோஜாவைக் குப்பையில் போடலாம். கடைகளில் அந்தப் பெயரில் விற்கும் பூ, வெள்ளை ரோஜாவின் காம்பைப் பல கீற்றாகப் பிளந்து, ஒவ்வொரு கீற்றையும் வெவ்வேறு சாயநீரில் நிறுத்தி உண்டாக்கப்படுவது. சாயமேற்றிய பூவுக்கு விதை ஏது?

பியோனி விதைக்கு இரட்டை உறக்கம் உண்டு: முதலில் வெதுவெதுப்பான காலத்தில் வேர்விட்டு, பிறகு ஒரு குளிர்காலத்தைக் கடந்த பின்னரே தளிர் வெளிவரும். குளிர்பதனப் பெட்டியை வைத்து விதையை ஏமாற்றி முளைக்கச் செய்தாலும், வளர்ந்த செடியை ஆண்டுதோறும் எந்தப் பெட்டிக்குள் வைப்பீர்கள்? குளிர் கிடைக்காத பியோனி பூக்காது. லாவெண்டர் முளைக்கும், சிறிது காலம் மணக்கவும் செய்யும். ஆனால் மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட கோடைக்குப் பழகிய அந்தச் செடி, இரவிலும் வியர்க்கும் நம் காற்றில் வேரும் தண்டும் அழுகிப் போகும். இவற்றைப் பார்க்க ஆசைப்பட்டால் கரையோரப் பூந்தோட்டத்தின் குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கூடத்துக்குப் போய் வருவதே மேல்.

ஆர்க்கிட் விதை வேறு கதை. ஒரு நெற்றில் இலட்சக்கணக்கில் இருக்கும் அந்த விதைகள் தூசியைவிடச் சற்றே பெரியவை. முளைக்குத் தேவையான உணவு அவற்றினுள் இருப்பதில்லை. காட்டில் ஒரு பூஞ்சை அந்த உணவைக் கொடுக்கிறது. பூஞ்சையின் துணையின்றி, சர்க்கரையும் தாதுக்களும் கலந்த அகார் என்னும் கடற்பாசிக் கூழில் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். அந்த முறையைக் கொண்டுதான் நம் தாவரவியல் பூங்காவில் அதன் அப்போதைய இயக்குநர் ஹோல்ட்டம் 1928 வாக்கில் ஆர்க்கிட் கலப்பினப் பணியைத் தொடங்கினார். ஆர்க்கிட் விதை தூசியளவே என்பதால், பொட்டலத்தில் இருப்பவை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பருமனான விதைகள் என்றால், அவை ஆர்க்கிட்டே அல்ல.

ஸ்ட்ரெலிட்சியா மட்டும் முயன்று பார்க்கத்தக்கது. கறுப்பு விதையின் செம்மஞ்சள் நார்க்கொத்தைக் கிள்ளி எறிந்து, கெட்டியான தோலை அரத்தால் ஓரிடத்தில் உராய்ந்து, வெதுவெதுப்பான நீரில் ஓரிரு நாள் ஊறவைத்து விதையுங்கள். முளைக்க ஒன்று முதல் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்; பூவுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பொறுக்க வேண்டும். செடி இடுப்பளவுக்கு மேல் வளர்ந்து பக்கவாட்டில் விரியும் என்பதால், அது தாழ்வாரத்தில் நிலைக்குமா என்பதையும் யோசியுங்கள். இனி வெளிநாட்டிலிருந்து விதை வரவழைப்பதாக இருந்தால், தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் இறக்குமதி விதிகளைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வடக்குவாசல் பதில்:

இருவரும் வெயிலைப் பற்றிப் பேசவில்லையே. பதினொரு மணிவரை வரும் வெயில் நாற்றுக்குப் போதும்; ஆனால் அடினியம் நிறையப் பூக்க ஐந்தாறு மணிநேர நேர்வெயில் வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஒரு டிகிரியில் இருப்பதால், ஆண்டின் நடுவில் நண்பகல் சூரியன் வடவானத்திலும் ஆண்டிறுதியில் தென்வானத்திலும் நிற்கிறது. எனவே வடக்கு பார்த்த எங்கள் தாழ்வாரத்துக்கு ஜூனையொட்டிய மாதங்களில் வெயில் வரும், டிசம்பரில் வராது. உங்களுக்குக் கிழக்கு என்பதால் அந்த ஏற்றத்தாழ்வு குறைவு. கைப்பிடிச் சுவரின் நிழலைத் தாண்டும்படி தொட்டியை உயரமான தாங்கியில் வைத்தாலே கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் தாங்கி வைத்த பிறகும் நடைபாதையில் 1.2 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. வடகிழக்குப் பருவமழை அடங்கிய பிறகு, பிப்ரவரி வாக்கில் மீண்டும் விதைப்பது நல்லது.

காலைவெயில் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பிழைத்திருக்கும் நாற்றுகளின் மூடியை எடுத்து, காற்று வரும் பக்கமாக வைத்துவிட்டேன். அடினியம் பொட்டலத்தின் மேல் கருஞ்சிவப்பில் அடுக்கிதழ்ப் பூ அச்சிடப்பட்டிருக்கிறது. அதே பூ வருமா? தனித்தொட்டிக்கு எப்போது மாற்றலாம்?

விதைப்பெட்டி பதில்:

அதே பூ வரும் என்று எண்ண வேண்டாம். அடுக்கிதழ் வகைகள் கலப்பினங்கள். அவற்றின் விதையிலிருந்து ஒற்றை இதழோ வெளிர்சிவப்போ எது வேண்டுமானாலும் வரலாம். குறிப்பிட்ட ஒரு பூதான் வேண்டுமென்றால் நாற்றங்காலில் ஒட்டுச்செடி வாங்குவதுதான் வழி. ஆனால் விதைச்செடிக்கென்று ஒரு சிறப்பு உண்டு: அடித்தண்டு சிறுவயதிலிருந்தே பருத்து உருண்டு வரும், வெட்டி நட்ட கிளைத்துண்டிலிருந்து வளர்த்த செடியில் அந்தத் திரட்சி எளிதில் அமையாது. சீனப் புத்தாண்டுக்கு விற்கும் செடிகளிலும் நான் முதலில் பார்ப்பது பூவை அல்ல, அந்த அடித்தண்டைத்தான்.

நாற்றுக்கு ஐந்தாறு இலை வந்த பிறகு மாற்றலாம். பிடுங்கும்போது வேரில் காயம் படும் என்பதால், நட்டபின் சில நாள் தண்ணீர் ஊற்றாமல் நிழலில் வைத்துக் காயம் உலர விடுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் கசியும் பால் நஞ்சு. ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அதை அம்புமுனையில் தடவினார்கள். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். தாழ்வாரத்தில் பூனை நடமாட்டம் இருந்தால் தாங்கியின் கீழ்த்தட்டில் அடினியத்தை வைக்காதீர்கள்.