பிஎஸ்ஏ எம்20, போர்க்கால மாடல்: அசல் நிலைக்குக் கொண்டுவர எதில் தொடங்குவது?

துருப்பிடித்த_செயின் கேட்கிறார்:

வண்டி பிஎஸ்ஏ எம்20, இரண்டாம் உலகப்போர்க்கால பிரிட்டிஷ் ராணுவ மோட்டார்சைக்கிள், 496 சிசி, சைடு வால்வு (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் வகை). கிராங்க்கேஸின் இடப்பக்கம் பேரலுக்கு (சிலிண்டருக்கு) கீழே டபிள்யூஎம்20 என்று தொடங்கும் எண் இருக்கிறது. ஃபிரேமிலும் அதே முன்னெழுத்துதான், ஆனால் எண் வேறு. முன்னால் கிர்டர் ஃபோர்க், பின்னால் சஸ்பென்ஷன் இல்லை.

நிலவரம் இதுதான். இன்ஜின் ஜாம், கிக்கரில் ஏறி நின்றாலும் அசையவில்லை. மேலே அலுமினிய ஹெட் போட்டிருக்கிறது. வண்டி முழுக்கப் பளபளக்கும் கறுப்பு, ரிம்மில் குரோம். லூகாஸ் மேக்டைனோ (மேக்னெட்டோவும் டைனமோவும் சேர்ந்தது) இருக்கிறது, ஸ்பார்க் வருமா தெரியாது. டேங்குக்குள் துரு. போல்ட்டுகளில் பாதி மெட்ரிக், அடித்துத் திணித்தவை.

தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோக வேண்டும். எண்கள் ஒத்துப்போகாததால் அசல் என்ற பேச்சே போய்விட்டதா? இன்ஜினை உடையாமல் விடுவிப்பது எப்படி? மேக்னெட்டோவை ஓரங்கட்டிவிட்டு பேட்டரி காயிலுக்கு மாறிவிடலாமா? பெயிண்ட்டை இப்போதே சுரண்டி எடுத்துவிடலாமா?

கிர்டர்பிரியன்:

முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் முதல் பதில்: இப்போது சுரண்டவே கூடாது.

எண்களைப் பற்றிக் கவலை வேண்டாம். போர்க்கால எம்20-இல் இன்ஜின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் தொழிற்சாலையிலேயே ஒன்றாக அடிக்கப்படவில்லை. போதாக்குறைக்கு ராணுவப் பட்டறைகளில் இன்ஜின்களை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: யாரோ அரைத்துவிட்டு மறுபடி குத்தியிருக்கலாம். அதனால் எண் இருக்கும் இடத்தில் கிரைண்டரோ மணல் பிளாஸ்டோ படவே கூடாது. நகத்தாலும் மண்ணெண்ணெய்த் துணியாலும் சுத்தம் செய்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

எம்20 போரின்போது ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி. அரிது என்பது வண்டியில் இல்லை. அந்தந்த ஆண்டின் பாகங்களோடு முழுதாகக் கிடைப்பதில்தான். எனவே எந்த ஆண்டு என்பதை முடிவு செய்யாமல் ஒரு நட்டு கூட வாங்காதீர்கள். 1942-இல் மலாயா கைவிட்டுப்போய் ரப்பர் தட்டுப்பாடு வந்தபிறகு கைப்பிடிக்கு கான்வாஸ், ஃபுட்ரெஸ்ட்டுக்கு வெறும் இரும்புத் தகடு என்று மாறியது. அந்தக் கால வண்டிக்கு ரப்பர் கைப்பிடி அழகாக இருக்கும், ஆனால் தவறு. உங்கள் அலுமினிய ஹெட்டும் அப்படித்தான். அது போருக்கு வெகு பின்னால் வந்தது. போர்க்கால எம்20-க்கு வார்ப்பிரும்பு ஹெட். குரோம் ரிம்முக்கும் இங்கே வேலையில்லை, ரிம்மும் வண்டி நிறத்திலேயே பூசப்பட்டது.

நிறத்துக்கு வருவோம். மேலோட்டமாகச் சொன்னால் மூன்று: தொடக்கத்தில் காக்கி கிரீன் 3, 1942 வாக்கில் எஸ்சிசி 2 எனப்படும் பழுப்பு, 1944 முதல் எஸ்சிசி 15 என்ற ஆலிவ் டிராப். உங்களுடையது எது என்று வண்டியே சொல்லும். வெயிலும் தூரிகையும் படாத இடங்களைத் தேடுங்கள்: டேங்கின் அடிவயிறு, டூல்பாக்ஸ் மூடியின் உட்புறம், மட்கார்டு பிராக்கெட்டுக்கு அடியில். 800 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு நாணய அளவில் வட்டமாகத் தேயுங்கள், முடிக்கும்போது 1500. நடுவில் தகரம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி ஒவ்வொரு பூச்சும் தனித்தனி வளையமாகத் தெரியும். தகரத்தை ஒட்டி இருப்பது பிரைமர், அதற்கு அடுத்த வளையம்தான் தொழிற்சாலை நிறம். டேங்கின் இரு பக்கமும் இதே மாதிரி மெதுவாக இறங்கினால், சி என்ற எழுத்தில் தொடங்கும் ராணுவப் பதிவெண் வெள்ளையில் கிடைக்க வாய்ப்புண்டு. பெயிண்ட் ரிமூவர் ஊற்றினால் அது ஒரே நொடியில் கரைந்துபோகும்.

சைடுவால்வு_வாத்தியார்:

இன்ஜினுக்கு வருகிறேன். கிக்கரில் ஏறி நிற்பதை நிறுத்துங்கள். பிஸ்டன் அசையாது, கிக்கரின் பல்தான் உடையும்.

முதலில் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். இரண்டு வால்வுத் தண்டுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தால் இரண்டும் மூடியிருக்கின்றன. ஏதாவது ஒன்றில் விரலே போகும் அளவு சந்து தெரிந்தால், அந்த வால்வு கைடில் (தண்டு ஓடும் குழலில்) மேலேயே சிக்கி நிற்கிறது என்று அர்த்தம். அடுத்த வேலை இதைப் பொறுத்தது.

இரண்டும் மூடியிருந்தால், ஹெட்டைக் கழற்றாமலே ஒரு வழி: பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்தக் கூட்டில் கிரீஸ் நிப்பிளைப் பற்றவைத்துப் போட்டு, கிரீஸ் கன்னால் அடிப்பது. உள்ளே காற்று நிற்காமல் கிரீஸ் நிறைய வேண்டும். அழுத்தம் பிஸ்டன் தலை முழுவதிலும் சமமாக விழுவதால் சுத்தியலைவிட ஆயிரம் மடங்கு பாதுகாப்பு. நிறைய கிரீஸ் செலவாகும், கை அழுக்காகும், அவ்வளவுதான். ஆனால் பிஸ்டன் கீழ்முனையிலேயே நின்றிருந்தால் இது உதவாது, அதற்குமேல் இறங்க இடமில்லை.

வால்வு திறந்திருந்தால் கிரீஸ் அந்த வழியாகவே வெளியேறிவிடும். அப்போது ஹெட்டைக் கழற்றி, ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து பிஸ்டன்மேல் ஊற்றி வையுங்கள். அசிட்டோன் ஆவியாகும், தீயும் பிடிக்கும். மூடிவையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். தினமும் கொஞ்சம் சேர்த்து ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகலாம். பிறகு அந்தக் கலவையைச் சுத்தமாகத் துடைத்தெடுத்துவிட்டு, பேரலை வெளியிலிருந்து சூடாக்கி, பேரலின் துளையைவிடச் சற்றுச் சிறிய கட்டைத் துண்டை வைத்துத் தட்டுங்கள். ஒரே அடியாக அல்ல, பல சின்ன அடிகள். இரும்புக் கம்பியால் நடுவில் குத்தினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

திறந்த பிறகு கட்டாயம் பார்க்க வேண்டியவை: போர் (பேரல் துளையின் விட்டம்) அசல் 82 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 94. மேலே, நடுவே, கீழே என மூன்று உயரங்களில், குறுக்கும் நெடுக்குமாக ஆறு அளவு எடுங்கள். சைடு வால்வில் எக்ஸாஸ்ட் பக்கம்தான் அதிகம் சூடாகும். பேரல் அந்தப் பக்கம் கோணியிருப்பது சகஜம். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகே ரீபோருக்கு (துளையைக் கடைந்து அகலப்படுத்த) கொடுங்கள். இடைவெளியைப் பிஸ்டன் செய்தவர் சொல்லும் அளவில் வைக்கச் சொல்லுங்கள். ரிங் முனை இடைவெளி இந்தப் போருக்கு 10 முதல் 13 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம், மேல்கீழாக அசையவே கூடாது. டக் என்று தெரிந்தால் கிராங்க்கைப் பிரித்து பிக் எண்டு (ராடின் கீழ்முனை பேரிங்) மாற்றியாக வேண்டும். திரும்பப் பொருத்தும்போது கிராங்க்கின் இரு பக்கத் தண்டுகளின் கோணல் 0.05 மி.மீ.க்குள் வர வேண்டும்.

ஆயில் பம்பைப் பலரும் துடைத்துவிட்டு மாட்டிவிடுகிறார்கள். பிறகு, வண்டி ஒரு வாரம் நின்றால் ஆயில் டேங்கில் இருக்கும் ஆயில் முழுக்க கிராங்க்கேஸுக்கு இறங்கிவிடுகிறது, ஸ்டார்ட் செய்தால் ஒரே புகை. பம்ப் மூடித்தகட்டில் பற்சக்கரம் தேய்த்த வட்டம் தெரியும். தடித்த கண்ணாடியின் மேல் நைஸ் எமரித் தாளை விரித்து, எட்டு போடுவதுபோல் தேய்த்து அந்த வட்டம் மறையும்வரை சமப்படுத்துங்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்லெட் 10 தௌ, எக்ஸாஸ்ட் 12.

கிராங்க்கேஸை மணல் பிளாஸ்டுக்குக் கொடுக்கவே கூடாது. ஆயில் துளைக்குள் ஒரு சிட்டிகை மணல் தங்கினாலும் புது பிக் எண்டு போய்விடும். தண்ணீரோடு அடிக்கும் வேப்பர் பிளாஸ்ட் போதும், அதற்கும் துளைகளை அடைத்துவிட்டுத்தான்.

பாயின்ட்_பன்னிரண்டு:

மேக்னெட்டோவை விடாதீர்கள். பேட்டரி செத்தாலும் வண்டி ஓட வேண்டும் என்பதற்காக வைத்தது அது. அதை எடுத்துவிட்டால் அசல் நிலை என்ற பேச்சும் கூடவே போய்விடும்.

கழற்றும்போது ஒரே ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். ஆர்மச்சூரை (உள்ளே சுழலும் கம்பிச்சுருளை) உருவும் முன் பிக்கப், எர்த் பிரஷ், சேஃப்டி கேப் (பாதுகாப்பு இடைவெளி) ஸ்குரூ மூன்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். இதில் ஒன்றை மறந்தாலும் ஸ்லிப் ரிங்கின் விளிம்பு சட்டென்று உடையும். உருவியதும் காந்தத்தின் இரு முனைக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டைப் போட்டு வையுங்கள், காந்த சக்தி குறையாது.

பழைய வண்டிகளில் பொதுவான புகார்: குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகும், சூடான பிறகு ஆகவே ஆகாது. குற்றவாளி பெரும்பாலும் ஆர்மச்சூருக்குள் புதைந்திருக்கும் கண்டென்சர். மல்டிமீட்டரில் நல்ல பிள்ளையாகத்தான் காட்டும். உயர் வோல்டேஜில் கசிவு சோதனை செய்தால்தான் குட்டு வெளிப்படும். வைண்டிங்கின் பழைய அரக்குப் பூச்சு இளகி வெளியே வந்திருந்தால், புது வைண்டிங்கும் புதுவகைக் கண்டென்சரும் சேர்த்தே போட்டுவிடுங்கள். வெளியே பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. மேக்னெட்டோவைத் தனியே மாட்டிக் கையால் மெதுவாகச் சுழற்றினால் 5 மி.மீ. தூரத்துக்கு ஸ்பார்க் தாண்ட வேண்டும்.

பாயின்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுமுனைகள்) இடைவெளி 12 தௌ, அதாவது 0.30 மி.மீ. டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), அட்வான்ஸ் லீவரை முழு அட்வான்ஸில் வைத்து, பிஸ்டன் மேல்முனைக்கு 7/16 அங்குலம் முன்னால். சைடு வால்வில் பிளக் துளை வழியே கம்பி விட்டு அளந்தால் கணக்கு தப்பும். ஹெட்டை மூடும் முன்பே டெப்த் கேஜ் வைத்து இந்த வேலையை முடித்துவிடுங்கள். பாயின்ட்டுக்கு நடுவே மெல்லிய தாளைச் செருகிப் பிடித்து இழுங்கள். தாள் நழுவும் கணம்தான் பாயின்ட் திறக்கும் கணம். பற்சக்கரம் டேப்பரில் உட்கார்வதால், நட்டை இறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்துவிடும். இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் மூடாதீர்கள்.

மரைக்கணக்கு:

போல்ட் விஷயம் யாரும் சொல்லவில்லை. இந்த வண்டியில் பெரும்பாலும் சைக்கிள் மரை: 1/4, 5/16, 3/8 எல்லாவற்றுக்கும் அங்குலத்துக்கு 26 பல். 5/16 யுஎன்எஃப் 24 பல், பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரண்டு சுற்று உள்ளேயும் போகும். அதன்பிறகு இறுகுவது போல் தெரிவது மரை நாசமாகும் சத்தம். மெட்ரிக் திணித்த துளைகளுக்கு 26 பல் டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுப் பார்த்து, மரை மிச்சமிருந்தால் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் இன்சர்ட் (துளைக்குள் வைக்கும் புது மரை). மெட்ரிக் ஸ்பேனரும் இங்கே வேண்டாம்; விட்வொர்த் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். நட்டின் முனைகள் உருண்டுபோனால் அசல் நட்டு போச்சு.

முலாம்_வேலை:

பெயிண்ட் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு திருத்தம். அடியில் அசல் நிறம் பெரும்பகுதி மிஞ்சியிருந்தால் புதிதாக அடிக்கவே வேண்டாம். மேல் கறுப்பை மட்டும் பொறுமையாக இறக்கி, தேய்ந்த பெயிண்ட்டோடு அப்படியே விடுவதுதான் இன்னும் அசல். பாதிக்குமேல் போயிருந்தால் மட்டும் புதுப் பூச்சு. அதிலும் பட்டி வைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவது வேண்டாம். ராணுவ வண்டிக்குப் பளபளப்பில்லாத மேட் பூச்சுதான்.

நட்டு போல்ட்டுக்கு அசலில் கேட்மியம். அது விஷம் என்பதால் மங்கலான ஜிங்க் போட்டுக்கொள்ளலாம். ஃபோர்க்கின் ஸ்பிண்டில் போன்ற உறுதியான எஃகுப் பாகங்களுக்கு முலாம் பூசினால், சில மணி நேரத்துக்குள் 190 டிகிரியில் குறைந்தது நாலு மணி நேரம் அடுப்பில் வைக்கச் சொல்லுங்கள். முலாமின்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன் வெளியேறாவிட்டால், பார்க்கப் புதிதாக இருக்கும் ஸ்பிண்டில் ஓடும்போது முறியும்.

டேங்குக்கு எலக்ட்ராலிசிஸ்: சலவை சோடா கரைத்த தண்ணீர், டேங்க் நெகடிவ், நடுவே தொடாமல் தொங்கும் சாதாரண இரும்புக் கம்பி பாசிடிவ். ஸ்டெயின்லெஸ் கம்பி மட்டும் வேண்டாம், குரோமிய விஷம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வரும், வெட்டவெளியில் செய்யுங்கள். உள்பூச்சை அவசியமில்லாமல் போடாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் சில பூச்சுகள் தோலாக உரிந்து கார்புரேட்டரை அடைக்கின்றன.

துருப்பிடித்த_செயின்:

டூல்பாக்ஸ் மூடிக்குள் தேய்த்ததில் கறுப்புக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் பழுப்பு, பிறகு பிரைமர். டேப்பெட் மூடியைத் திறந்ததில் எக்ஸாஸ்ட் தண்டுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் போகிறது. அப்படியானால் கிரீஸ் வழி இல்லை, சரிதானே?

சைடுவால்வு_வாத்தியார்:

சரிதான். ஹெட்டைக் கழற்றுங்கள், போல்ட் இறுகியிருந்தால் சூடுபடுத்தி, முன்னும் பின்னும் கால் சுற்று கால் சுற்றாக. அதே ஆயில் கலவையை எக்ஸாஸ்ட் கைடைச் சுற்றியும் ஊற்றி ஊறவிட்டு, பித்தளைக் கம்பியால் வால்வுத் தலையை மேலிருந்து லேசாகத் தட்டினால் இறங்கும். ஒரு பக்கமாகத் தட்டினால் தண்டு வளையும், நடுவிலேயே தட்டுங்கள். வால்வு சீட்டில் உட்கார்ந்த பிறகு பிஸ்டன் வேலை.

கிர்டர்பிரியன்:

அடியில் பழுப்பு என்றால் எஸ்சிசி 2 காலம், பச்சை பிறகு பட்டறையில் அடித்தது. கான்வாஸ் கைப்பிடி தேடத் தொடங்கலாம். டேங்கின் இடப்பக்கத்தைப் பச்சை வரை மட்டும் இறக்குங்கள். பதிவெண் அந்தப் பச்சையின்மேல் இருக்கிறதா, அடியில் பழுப்பின்மேல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தாளைத் தொடுங்கள்.