மேசையில் திருகி மாட்டும் பித்தளைக் கருவி: என்ன இது, எந்தக் காலம்?

பழைய_பெட்டி:
மரப்பெட்டியில் மூன்று சாமான். ஒன்று மேசை விளிம்பில் திருகி மாட்டுவது: ஒரு முனையில் சுற்றுகிற கைப்பிடி, மறுமுனையில் தள்ளுகிற நெம்புகோல், நடுவே நீளப் பள்ளம். இரண்டாவது இடுக்கி மாதிரி. மூன்றாவது மரப்பிடி வைத்த பித்தளைக் குவளை. அதில் 3, 3¼ என்று கோடுகள். '12' என்று பொறித்திருக்கிறது. துலக்கலாமா?

பித்தளைப்பிரியன்:
பன்னிரண்டு போர் (bore, குழாயின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண்) துப்பாக்கிக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்பும் செட் இது. பெரியது தோட்டாவின் வாய் மடிக்கும் மெஷின். வெடிமருந்து, ஃபெல்ட் (கம்பளி அடைப்பு), ஈய ரவை, மேல் அட்டை எல்லாம் போட்ட காகிதக் கூட்டைப் பள்ளத்தில் படுக்கவைத்து, நெம்புகோலால் அடியைத் தள்ளியபடி கைப்பிடியைச் சுற்றுவார்கள். சுழலும் தலைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: குட்டி முளைகள் தெரியும். காகித விளிம்பை உள்பக்கம் சுருட்டுவது அவைதான். முளை தேய்ந்து கூராகியிருந்தால் காகிதம் சுருளாமல் கிழியும். வாங்குமுன் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். இடுக்கி, பழைய கேப்பை (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தள்ளிவிட்டுப் புதியதை அமர்த்த. அதன் ஊசி பெரும்பாலும் உடைந்திருக்கும்.

பொறிப்பை மட்டும் நம்பாதீர்கள், தலையை மாற்றியிருக்கலாம். தலையின் உள்விட்டத்தைக் காலிப்பரால் (விட்டம் அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். 12 போர் கூட்டின் வெளிவிட்டம் ஏறத்தாழ 20½ மி.மீ., 20 போர் 17½தான். அளவு 20 மி.மீ. வந்ததும் '20 போர்' என்று எழுதிவிடுகிறார்கள். போர் எண் கூடினால் விட்டம் குறையும்.

ஷெஃபீல்ட்_முத்திரை:
கவ்வியின் அடிப்பக்கம் பாருங்கள். பதாகை தொங்கும் எக்காள முத்திரை இருந்தால் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ் கம்பெனி செய்தது. அதே ஊர் ஹாக்ஸ்லி செய்தவையும் நிறைய உண்டு. 'இங்கிலாந்து' என்ற பொறிப்பு பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்கா போகும் சரக்கில் நாட்டின் பெயர் கட்டாயமானது அப்போதுதான். பொறிப்பு இல்லாததால் மட்டும் அதைவிடப் பழையது என்று சொல்ல முடியாது.

குவளையின் 3 என்பது மூன்று டிராம் (பழைய எடை அலகு) கரிமருந்து, 5.3 கிராம். மறுபக்கம் 1⅛ இருந்தால் அது அவுன்ஸில் ரவை, 32 கிராம். ஆனால் குவளை நிறுப்பதில்லை, அந்த எடைக்குரிய கன அளவைத்தான் கோடு காட்டுகிறது. புகையில்லா மருந்தை அதே கோடுவரை நிரப்பினால் அழுத்தம் பலமடங்காகிக் குழாயே வெடிக்கும். காட்சிக்கு மட்டும் வையுங்கள்.

பித்தளைப்பிரியன்:
துலக்க வேண்டாம், சார். புளி, பாலிஷ் எது போட்டாலும் எழுத்து மழுங்கும், பழமையின் நிறமும் போகும். மென்துணியில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் போதும். இறுகிய திருகுக்கு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். குறடு போட்டால் மரை போய்விடும். பெட்டியில் சின்னத் தகர டப்பா இருந்தால் சுரண்டித் திறக்காதீர்கள். பழைய கேப்களில் பாதரச ஃபல்மினேட் உண்டு, உரசினாலே வெடிக்கும். தொடாமல் வைத்துவிட்டுக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.