எக்செல்ல ஒரே சொல் ரெண்டு தடவை நிக்குது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியல

கரிசல்மண்:
வணக்கம். எங்க ஊர்ப் பக்கம் உழவு சம்பந்தமா புழங்குற சொல்லெல்லாம் எக்செல்ல சேர்த்துட்டு வரேன், பாதி நானே டைப் பண்ணது, மீதி வாட்ஸாப்லயும் வெப்சைட்லயும் இருந்து காப்பி பேஸ்ட். ரிமூவ் டூப்ளிகேட்ஸ் குடுத்தா "கமலை" ரெண்டு தடவை அப்படியே நிக்குது. ட்ரிம், க்ளீன் ரெண்டும் போட்டாச்சு, ஒண்ணும் ஆகல. நண்பர் ஒருத்தர் பைத்தான்ல தேடுறப்ப "கொழு"வும் சில வரியில சிக்க மாட்டேங்குது. என்ன பண்ணலாம்?

முகில்:
உள்ள கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதோ ஒட்டியிருக்குங்க. ட்ரிம் சாதாரண ஸ்பேஸை மட்டும்தான் எடுக்கும், க்ளீன் யூனிகோட் நம்பர் 0 முதல் 31 வரை உள்ள எழுத்தை மட்டும். வெப்ல இருந்து வர்ற உடையாத ஸ்பேஸ் 160, அகலமே இல்லாத ஸ்பேஸ் 8203, ஃபைல் ஆரம்பத்துல ஒட்டிக்கிட்டு வர்ற பாம் (BOM) குறி 65279, இதெல்லாம் ரெண்டுலயும் தப்பிச்சுடும். முதல்ல எத்தனை எழுத்துன்னு எண்ணிச் சொல்ற லென் ஃபங்ஷன் போட்டுப் பாருங்க, "கமலை"க்கு 4 வரணும், ஐகாரக் குறி தனியா எண்ணப்படும். 5 வந்தா ரைட் ஃபங்ஷன்ல கடைசி எழுத்தை எடுத்து யூனிகோட் ஃபங்ஷனுக்குள்ள குடுங்க, நம்பர் தெரிஞ்சிடும். அப்புறம் சப்ஸ்டிடியூட்ல யூனிசார் 8203ன்னு குடுத்து வெறுமையா மாத்திடுங்க.

கரிசல்மண்:
ரொம்ப நன்றிங்க, 8203தான் வந்துச்சு, எடுத்ததும் ஒண்ணாயிடுச்சு. 8204, 8205ன்னு இன்னும் ரெண்டு நம்பர் அங்கங்க வருது, மொத்தமா தூக்கிடவா?

தாமரைக்குளம்:
தூக்காதீங்க தம்பி, பார்த்துச் செய்யுங்க. 8204 எழுத்தைச் சேரவிடாம பிரிச்சு வைக்கிறது. "ரிக்‌ஷா"ன்னு க்-கும் ஷா-வும் தனித்தனியா தெரியணும்னு வேணும்னே போடுவாங்க, எடுத்தா "ரிக்ஷா"ன்னு கூட்டெழுத்தா ஆயிடும். உங்க பட்டியல் மாதிரி கிரந்தம் அதிகம் வராத இடத்துல பெரும்பாலும் குப்பைதான், எடுக்கலாம். 8205 சேர்த்து வைக்கிறது, தமிழுக்கு அது தேவையே படாது. ஆனா அதே ஷீட்ல சிங்களம் இருந்தா கை வைக்கவே கூடாது, அங்க ஸ்ரீ எழுதவே அது வேணும். குடும்ப இமோஜி கூட அதை வச்சுத்தான் ஒட்டியிருக்கு, எடுத்தா ஆள் ஆளா பிரிஞ்சு நிக்கும்.

"கொழு" பிரச்சினை வேறங்க, அதுல மறைஞ்ச எழுத்தே இருக்காது. ஒகரக் குறியை 3018ன்னு ஒரே நம்பராவும் எழுதலாம், எகரக் குறி 3014, கால் 3006ன்னு ரெண்டாவும் எழுதலாம், பார்க்க ஒண்ணுதான், ஆனா லென் ஒண்ணுல 4, இன்னொண்ணுல 5. நண்பர்கிட்ட யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் பண்ணச் சொல்லுங்க, பிரிஞ்ச குறியை ஒண்ணாச் சேர்க்குற என்எஃப்சி (NFC) முறை. ஓகாரம், ஔகாரமும் அதுலயே சரியாயிடும். அதை நம்பி மறைஞ்ச எழுத்தை விட்டுடாதீங்க, 8203 என்எஃப்சிக்கும் போகாது, ஓரத்து ஸ்பேஸை எடுக்குற பைத்தான் ஸ்ட்ரிப்புக்கும் போகாது.

முகில்:
அண்ணன் சொன்னது சரி. ஒண்ணு மட்டும், மூலச் சொல் இருக்குற நெடுவரிசையை (column) அப்படியே விட்டுட்டு பக்கத்து நெடுவரிசையில சுத்தம் பண்ணுங்க, நாளைக்கு யாராவது சொல்லைப் பத்திக் கேட்டா எடுத்துக்காட்ட அது வேணும்.