மறு: டி.ஐ.எஃப். என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தாருக்கு வணக்கம். சொத்து வரியில் இனிக் கூடப்போகும் பங்கைக் காட்டி ஒரு வட்டாரத்தைப் புதுப்பிக்கப் பணம் திரட்டும் அமெரிக்க முறைதான் டி.ஐ.எஃப். அதைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் தம்பி கேட்டிருந்தது இது:

> அமெரிக்காவில் ஒரு நகராட்சி, பழைய கடைவீதியை இடித்துக் கட்டப்போகும் தனியார் மேம்பாட்டாளருக்கு வங்கிக் கடன் கிடைக்க வழிசெய்கிறது. 'நகராட்சி நிதியுதவி' என்று எழுதிவிடலாமா?

எழுதலாம், தம்பி. ஆனால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கடைவீதியில் அதைப் படிக்கிறவர், நகராட்சி பெட்டியைத் திறந்து முதலாளி கையில் பணத்தைக் கொடுத்துவிட்டது என்றுதான் நினைப்பார். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. மேலும் 'உதவி' என்பது நன்றி சொல்ல வைக்கும் சொல். கணக்குக் கேட்க வாய் வராது. நான் ஊராட்சி மன்றமொன்றின் மதிப்பீட்டு வரிப் பிரிவில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். பணம் முழுகினால் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லாத சொல் கலைச்சொல் ஆகாது என்பது என் கட்சி.

நகராட்சி 'உதவுகிறது' என்றால் பல வேலைகளில் ஒன்றைச் செய்கிறது. சொந்தப் பணத்தையே கடனாகவோ மானியமாகவோ கொடுக்கலாம். அதற்குப் புதுச்சொல் வேண்டாம். "அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று வங்கியிடம் கையெழுத்துப் போடலாம். அதற்குப் பிணை என்ற சொல் காலங்காலமாக இருக்கிறது. ஜாமீன் என்றால் ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அடுத்தவன் மோட்டார் சைக்கிளுக்கு ஜாமீன் போட்டுத் தன் சம்பளத்தை இழந்தவர் இல்லாத லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) எது?

இன்னொரு வழி சற்றுத் தந்திரமானது. நகராட்சி தன் பெயரில் கடன் பத்திரம் வெளியிடும். திரளும் பணம் மேம்பாட்டாளருக்குப் போகும். முதலையும் வட்டியையும் அவரே கட்டவேண்டும். அவர் கைவிரித்தால் பத்திரம் வாங்கியவர் நகராட்சியின் கருவூலத்தைத் தொட முடியாது. பிறகு நகராட்சியின் பெயர் எதற்கு? தகுதிபெற்ற பத்திரமாக இருந்தால் அதன் வட்டிக்கு அமெரிக்கக் கூட்டரசு வருமான வரி கிடையாது. ஆகவே குறைந்த வட்டிக்கே ஆட்கள் வாங்குவார்கள். இதை அங்கே 'கண்டுயிட்' பத்திரம் என்கிறார்கள். 'இடைநிலைப் பத்திரம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு 'வாய்க்கால் பத்திரம்' போதும். வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகும், தேக்கி வைக்காது. பயிர் காய்ந்தால் வாய்க்காலின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது.

இனி, தலைப்பில் இருக்கும் டி.ஐ.எஃப்., அதாவது டாக்ஸ் இன்கிரிமென்ட் பைனான்சிங். இதற்குத்தான் இரண்டு வாரமாக அடித்துக்கொள்கிறோம். பேராசிரியர் ஐயா முன்வைத்தது 'வரி உயர்வு நிதியாக்கம்'. ஐயா மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனாலும் 'வரி உயர்வு' என்ற இரண்டு சொல்லை முகப்பில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தவன் நான். அடுத்த நிமிடம் மேசையில் குடையால் அடி விழும். தமிழில் வரி உயர்ந்தது என்றால் அரசு விகிதத்தைக் கூட்டிவிட்டது என்று பொருள். இங்கே விகிதம் கூடவேண்டியதில்லை. சொத்தின் மதிப்பு கூடுகிறது, அதனால் வசூல் கூடுகிறது. இரண்டும் வேறு.

நடப்பது இதுதான். கலிபோர்னியாவில் 1952இல் தொடங்கிய முறை. நகராட்சி ஒரு வட்டாரத்துக்கு எல்லை போடுகிறது. அன்றைக்கு அந்த எல்லைக்குள் இருக்கும் சொத்துகளின் மொத்த மதிப்பை அப்படியே உறையவைக்கிறது. அந்த மதிப்புக்கு உரிய வரி வழக்கம்போல நகராட்சிக்கும் மாவட்டத்துக்கும் பள்ளிகளுக்கும் நூலகத்துக்கும் போகும். அதற்கு மேல் கூடுகிற வரி முழுவதும் தனி நிதியில் விழும். இலினாய் மாநிலத்தில் இதற்கான சட்டம் 1977இல் வந்தது. வழக்கமான கெடு 23 ஆண்டுகள். இனிமேல் வரப்போகும் அந்த வரியைக் காட்டி நகராட்சியே இன்றைக்குக் கடன் வாங்கலாம். அல்லது "ஆண்டுதோறும் வருவதில் இவ்வளவு உனக்கு" என்று மேம்பாட்டாளருக்கு எழுதிக் கொடுக்கலாம். அவர் அந்தத் தாளை வங்கியில் நீட்டுவார்.

என் தாயார் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். நாள் சம்பளத்துக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு, அதற்கு மேல் கொண்டுவரும் பாலுக்குத் தனிக் காசு. எங்கள் பள்ளிச் சப்பாத்து அந்தத் தனிக் காசில் வந்ததுதான். கங்காணி ஒரு நாள் பிறட்டில் (காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில்) வந்து, "உன் நிரைக்கு நல்ல உரம் போடப்போகிறோம், பால் கூடும், ஆனால் கூடுகிற பாலின் காசு 23 ஆண்டுக்கு உரக்காரருக்கு" என்று சொல்லியிருந்தால்? நாள் சம்பளத்தில் ஒரு காசு குறையாது. உரம் இல்லாவிட்டால் அந்தப் பால் வந்திருக்காது என்பது அவர்களுடைய நியாயம். மரம் பருவத்துக்கு வந்து தானாகவே பால் கூடியிருந்தால் என்ன செய்வது என்பது தாயாரின் நியாயம். அமெரிக்காவில் நடக்கும் சண்டை பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான்.

ஆகவே சொல்லுக்கு வருகிறேன்: 'வளர்வரி'. வளர்பிறை மாதிரி. வினைத்தொகையைப் பள்ளியில் படித்தபோது இது எதற்குப் பயன்படும் என்று முனகியிருக்கிறேன். பயன்பட ஐம்பது ஆண்டு ஆயிற்று. வளர்ந்த வரி, வளர்கின்ற வரி, வளரும் வரி, மூன்றும் ஒரே சொல்லில் ஒளிந்திருக்கின்றன. இந்த ஏற்பாடே காலத்தை மறைத்துவைத்து நடத்தும் ஏற்பாடு. நாளைய வரியை இன்று அடகு வைக்கிறார்கள். உறைந்து நிற்கும் அடிப்படைக்கு 'நிலைவரி'. எல்லைக்கு 'வளர்வரி வட்டாரம்'. மொத்த முறைக்கு 'வளர்வரி ஈட்டுக்கடன்'. ஈடு என்று வருவதால் எதை அடகு வைத்தார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

மதிப்பு சரிந்தால்? பிறை தேயவும் செய்யும். 'தேய்வரி' என்று சொல்ல நமக்கு இணைச்சொல் தயாராக இருக்கிறது. ஆங்கிலத்தில் இன்கிரிமென்டுக்கு இப்படி ஒரு பழக்கமான எதிர்ச்சொல் நாவில் வருவதில்லை.

'கூட்டு நிதி' என்று முன்மொழிந்த நண்பருக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் அந்தப் பெயரைத் தொடாதீர்கள். 1971ஆம் ஆண்டின் 28ஆவது சட்டம் கூட்டு நிதித் தடைச் சட்டம். அதன் ஆங்கிலத் தலைப்பிலேயே நம் 'கூட்டு' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே விளக்கத்தில் 'சீட்டு'ம் உண்டு. தோட்டத்துப் பெண்கள் மாதாமாதம் பிடித்த சீட்டின் பெயர் இந்த நாட்டின் சட்டப் புத்தகம் வரை போயிருக்கிறது. தடை செய்யப்பட்ட பொருளாகப் போனது வேறு விஷயம்.

> கலைச்சொல் நடுநிலையாக இருக்கவேண்டும். 'அடகு', 'ஈடு' எல்லாம் தீர்ப்புச் சொல்லும் சொற்கள்.

ஐயா, 'துண்டாடல்' நடுநிலையா? 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். வேலையும் போனது, லயத்து வீடும் போனது. அதை அன்றைக்குத் தமிழர்கள் 'நிலப் பிரிப்பு' என்று எழுதவில்லை. துண்டாடல் என்றார்கள். இன்றைக்கும் மலேசியத் தமிழில் அதுதான் சொல். எங்கள் ஊரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கத்தின் பெயரைப் பாருங்கள்: தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். பங்கு 100 வெள்ளி, அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. 'நிலநிதி' என்ற சொல்லுக்கு யாரும் தோட்டத்தில் அகராதி விரிக்கவில்லை. நிலம் வாங்க நிதி. ஆக, தீர்ப்புச் சொல்லும் சொல்லும் நிலைத்தது, சொல்லாத சொல்லும் நிலைத்தது. இரண்டும் பிறட்டுக் களத்தில் நின்று கேட்டாலும் புரிந்தன. நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் அது ஒன்றுதான்.

மொழிபெயர்க்கும் தம்பி ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிக்காகோ ஆசிரியர் சங்கம் இந்த முறையை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் பேசி வருகிறது. கட்டட விவகாரத்தில் வாத்தியாருக்கு என்ன வேலை என்று நம் வாசகர் கேட்பார். அங்கே பள்ளிச் செலவில் பெரும்பங்கு சொத்து வரியிலிருந்து வருகிறது. வளர்வரி தனி நிதிக்குப் போனால் பள்ளியின் பங்கும் அதோடு போகிறது. கலிபோர்னியாவில் பள்ளிகளுக்கு விழுந்த துண்டை மாநில அரசு ஈடுகட்ட வேண்டியிருந்தது. கடைசியில் சுமார் 400 மறுமேம்பாட்டு முகமைகளை 2012 பிப்ரவரியில் கலைத்தே விட்டார்கள். முறையைக் கண்டுபிடித்த மாநிலமே கலைத்தது.

இங்கே நிலைமை வேறு. பிப்ரவரி கடைசிக்குள் ஒரு தடவை, ஆகஸ்டு கடைசிக்குள் ஒரு தடவை நாம் கட்டும் மதிப்பீட்டு வரி ஊராட்சி மன்றத்துக்கு. நிலவரி மாநில அரசுக்கு. பள்ளிக்கு இரண்டிலிருந்தும் போவதில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, ஆண்டு வாடகை மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் விதிக்க முடியாது. மாநில அரசின் சம்மதம் இல்லாமல் மன்றம் கடன் வாங்கவும் முடியாது. மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. ஆகவே அமெரிக்கச் செய்தியில் 'நகராட்சி' என்றே போடுங்கள், 'மன்றம்' வேண்டாம். படிப்பவர் நம்மூர் மன்றத்தை நினைத்துக்கொள்வார். (மலாய்க்காரர்கள் மதிப்பீட்டு வரியைச் 'சுக்காய் பிந்து', அதாவது கதவு வரி, என்கிறார்கள். இவ்வளவு தெளிவான சொல்லைக் குழு போட்டு உருவாக்க முடியாது.)

இல்லாத முறைக்கு எதற்குச் சொல் என்று சிலர் கேட்கிறீர்கள். 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் புதுப்பித்தல் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வீட்டுக்காரர்களில் 80 விழுக்காடா, 75 விழுக்காடா, 51 விழுக்காடா சம்மதிக்க வேண்டும் என்று எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஒரு மணிநேரம் பேசினார்கள். இடித்த பிறகு கட்டப் பணம் எங்கிருந்து வரும், யார் பொறுப்பேற்பார்கள் என்று நான் கேட்டேன். தேநீர் ஆறியதுதான் மிச்சம். கேள்வியைக் கேட்கவே என்னிடம் சரியான சொல் இருக்கவில்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்து,
பழைய வரிக் கிராணி

——

அண்ணனுக்கு வணக்கம்.

வளர்வரி, நிலைவரி இரண்டையும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். விளக்கம் கேட்காமலே பாதியைச் சொல்லிவிட்டாள். வாய்க்கால் பத்திரமும் அழகு. ஆனால் 'ஈட்டுக்கடன்' தவறு, அண்ணா. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: இரண்டாவது வகையில் நகராட்சி கடனே வாங்கவில்லை, வரும்போது தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். வரி வளரவில்லை என்றால் நட்டம் மேம்பாட்டாளருக்கும் அவருக்குக் கடன் கொடுத்த வங்கிக்கும். அதையும் கடன் என்று சொன்னால், யார் தலையில் விழும் என்ற உங்கள் கேள்விக்கே தப்பான விடை கிடைக்கும்.

இன்னொன்று. மேம்பாடு வராமல் போயிருக்குமா என்று முதலில் சோதிக்கிறார்களே, இலினாய்ச் சட்டத்தில்கூட இருக்கிறது, 'பட் ஃபார்' சோதனை. அதற்கு என்ன?

கோலகங்சாரிலிருந்து,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை

——

அம்மா,

மாட்டிக்கொண்டேன். ஈட்டுக்கடனை எடுத்துவிடுகிறேன். பொதுப்பெயர் 'வளர்வரி நிதியாக்கம்'. நகராட்சி பத்திரம் வெளியிட்டால் 'வளர்வரிப் பத்திரம்', எழுதிக் கொடுத்தால் 'வளர்வரி உறுதிச்சீட்டு'. பேராசிரியர் ஐயாவின் 'நிதியாக்கம்' வென்றுவிட்டது. அவரிடம் நானே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.

சோதனைக்கு 'இன்றேல் சோதனை' என்று வைத்தேன். இந்த ஏற்பாடு இன்றேல் கட்டடம் எழுந்திருக்குமா என்பதுதானே கேள்வி. வீட்டில் பேரனிடம் சொன்னேன். "தாத்தா, அது ஐந்தாம் ஆண்டுத் தமிழ்ச் சோதனையா?" என்றான். ஆகவே 'இன்றேல்' இருக்கட்டும், 'சோதனை'க்கு மாற்று வேண்டும். 'இன்றேல் வினா' என்றால் சரிவருமா? தம்பி கட்டுரையைத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டுமாம். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.